எட்டாம் கற்பனை

எங்கள் சபையில் அக்கா மன்னிக்காத ஆள் கிடையாது. அதனால்தான் எல்லோரும் அவளுக்குப் பயந்தார்கள்.

அவள் எனக்குக் கூடப் பிறந்தவள் இல்லை. அறுபதுகளில் நாங்கள் தாராவியில் இருந்தபோது எங்கள் கோலிக்கு அடுத்த கோலியில் குடியிருந்தவள். கோலி என்றால் அங்கே ஒற்றை அறை வீடு. நடுவில் இருந்தது ஒரு தகரத் தடுப்பு. அவள் இருமினால் எங்கள் வீட்டில் கேட்கும். முனிசிபல் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாள். முந்தானையில் எப்போதும் பினாயில் வாசம் அடிக்கும். குள்ளமான உருவம், அகலமான பாதம். புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். வீட்டில் பேச இடம் கிடைக்காமல், பேசாமலே இருந்து பழகிவிட்ட மனிதர். கோபம் வந்தால் எல்லோருக்கும் குரல் ஏறும், அக்காவுக்கு இறங்கும். அது இறங்குகிறது என்று தெரிந்தால் தெருவில் இருக்கிற பொம்பளைகள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள்.

எங்களுடையது லுத்தரன் சபை. தென் திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவில் பக்கத்திலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்கள். கோயில் கட்ட இடமில்லாததால் ஒரு பள்ளிக்கூட ஹாலில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கும். புதன்கிழமை சாயங்காலம் முறை வைத்து யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம்; அதற்கு மற்ற சபைத் தமிழர்களும் வருவார்கள். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்லுவோம். பிராமணர்கள் நிறைந்த பக்கத்து மாதுங்காவில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு என்பதால், பஸ்ஸில் 'எங்க ஐயர் நேத்து மீன்குழம்பு நல்லா சாப்பிட்டாரு' என்று சொல்லி முறைப்பு வாங்கியவர்கள் எங்களில் உண்டு.

ஜெபக்கூட்டத்தில் பாட்டும் பிரசங்கமும் முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் வாய்விட்டு ஜெபிக்கலாம். கண்ணை மூடினால் ஆமென் வரும்வரை திறக்கக் கூடாது. நடுவில் யாரும் வாய் கொடுக்கக் கூடாது. ஜெபிக்கிறவர் நம்மோடா பேசுகிறார், ஆண்டவரோடு அல்லவா பேசுகிறார்? இந்தச் சட்டத்தில் உள்ள ஓட்டையை எங்கள் சபையில் கண்டுபிடித்தவள் அக்கா.

நான் முதலில் கேட்டது பானை விஷயம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நல்லடியில், அதாவது தெருக்குழாயடியில், வரிசைச் சண்டை வந்து ஒருத்தி அக்காவின் செம்புப் பானையைக் காலால் தள்ளி நெளித்துவிட்டாள். அக்கா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. மறுநாள் புதன்கிழமை எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது அவள் குரல் மெதுவாகக் கிளம்பியது.

"இரக்கமுள்ள கர்த்தாவே, நேத்து காலம்பற நல்லடியில அடியாளோட பானையைக் காலால எத்தின சகோதரியை நான் மனப்பூர்வமா மன்னிச்சிட்டேன். பேரு உமக்குத் தெரியும். பச்சைச் சீலை கட்டிட்டு வாசப்படிப் பக்கத்துல இருக்கா. நீரும் மன்னித்தருளும். ஆமென்."

எங்கள் எல்லோர் வாயிலிருந்தும் ஆமென் வந்தது. வராமல் இருக்க முடியுமா? பச்சைச் சீலைக்காரி சனிக்கிழமைக்குள் கன்னாரிடம் கொடுத்துப் பானையைச் சரிசெய்து கொண்டுவந்து வைத்துவிட்டாள். அதன் பிறகு எங்கள் தெருவில் இரவல் வாங்கிய சாமான் எதுவும் புதன்கிழமையைத் தாண்டியதில்லை.

அதே பச்சைச் சீலைக்காரி டைபாய்டில் விழுந்தபோது ஆஸ்பத்திரியில் கட்டில் பிடித்துக் கொடுத்து, பீ மூத்திரம் அள்ளி, தலைவாரி விட்டவளும் அக்காதான். அவள் பிழைத்து வந்தாள். ஆஸ்பத்திரியில் அக்கா கொடுத்த பிளாஸ்கைத் திருப்பிக் கொடுக்க மறந்தாள். அதற்கும் ஒரு புதன்கிழமை மன்னிப்பு வாங்கினாள்.

ஐயர் நல்ல மனுஷன், பயந்த மனுஷன். ஒரு நாள் அக்காவைக் கூப்பிட்டு, "ஆராதனையில பாவ அறிக்கை முடிஞ்சதும் நான் எல்லாருக்கும் மன்னிப்பு சொல்லுதேனே, அது போதாதாம்மா?" என்று கேட்டார்.

"நீங்க மொத்தமா மன்னிக்கிய ஐயரே. அதுல விலாசம் இல்ல. யாருக்குப் போய்ச் சேருமோ! நான் விலாசம் எழுதி அனுப்புதேன்."

"இனிமே ஆளை அடையாளம் சொல்லக் கூடாது. சீலைக் கலரும் சொல்லக் கூடாது."

"சரி, சொல்லல."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அடுத்த வாரத்திலிருந்து ஆளுக்குப் பதிலாக எண் வந்தது. ஞானோபதேசப் பாடத்தில் பத்துக் கற்பனைகள், அதாவது ஆண்டவரின் பத்துக் கட்டளைகள், இருக்கின்றன அல்லவா, அந்த எண். வாளி காணாமல் போனால் "ஏழாம் கற்பனையை மீறின உமது பிள்ளை". தாய் தகப்பனுக்குச் சோறு போடாதவன் என்றால் நாலாம் கற்பனை. எங்கள் தெருப் பிள்ளைகள் திடப்படுத்தல் சடங்குக்கு ஞானோபதேசம் படிக்கும்போது ஒரு எண்கூடத் தடுமாறியதில்லை. ஐயருக்கே அது ஆச்சரியம். அப்பமும் ரசமும் வாங்கும் இராப்போஜனத்துக்குப் பெயர் கொடுக்கப் போகும்போது, யாரோடாவது மனஸ்தாபம் உண்டா என்று வழக்கப்படி கேட்பார். அக்கா நெஞ்சில் கை வைத்து, "எனக்கு ஒருத்தர் மேலயும் வர்மம் இல்ல ஐயரே. எல்லாரையும் மன்னிச்சாச்சு" என்பாள். அவளை எந்தச் சட்டத்தில் தடுப்பார்?

எனக்கு இருபத்தொரு வயதில் அக்கா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், நல்ல இடம். அவர்கள் எங்கள் சபை இல்லை, திருநெல்வேலிக்காரர்களின் இன்னொரு சபை. "எங்க தெருவுல இவளப் போல பிள்ளை கிடையாது. இது என் வாக்கு" என்று அக்கா அவர்கள் வீட்டில் போய்ச் சொல்லியிருந்தாள். நான் அப்போது பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு ஆபீசில் டைப்பிஸ்ட். கம்பவுண்டரை இரண்டு முறை பார்த்திருந்தேன். பிடித்திருந்தது. அதைச் சொல்ல எனக்கு இப்போது என்ன வெட்கம்?

எங்கள் வழக்கத்தில் கலியாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நடக்கப் போகிறது, யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று ஐயர் கேட்டு, ஒரு மூச்சு நேரம் நிறுத்துவார். அந்த ஒரு மூச்சு நேரத்தில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். முதல் ஓலை போயிற்று, இரண்டாம் ஓலை போயிற்று. மூன்றாம் ஓலையில் மூப்பர் எழுந்து நின்றார்.

மூப்பர் எங்கள் சபையின் பெரிய மனிதர். தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தார். கோட்டுப் போட்டுக்கொண்டு வேதபாடம் வாசிப்பார். "தடை உண்டு ஐயரே. இந்தப் பிள்ளைக்கு ஊருல ஏற்கெனவே ஒருத்தரோட நிச்சயம் பண்ணி வாக்குக் குடுத்திருக்கு. எனக்கு நல்லாத் தெரியும்" என்றார்.

பச்சைப் பொய். ஊர் ஐயருக்கு எழுதிக் கேட்டு, அப்படி எதுவும் இல்லை என்று பதில் வருவதற்குள் கம்பவுண்டர் வீட்டார் கையைக் கழுவிவிட்டார்கள். கொஞ்ச நாளில் அதே கம்பவுண்டருக்கும் மூப்பரின் மகளுக்கும் கலியாணம் நடந்தது. எங்கள் வீட்டுக்கும் ஒரு தட்டில் கேக்கும் முறுக்கும் வந்தது. அதைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவித் திருப்பி அனுப்பினேன்.

அன்று ராத்திரி அக்கா எங்கள் கோலிக்கு வந்தாள். என் தலையில் கை வைத்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "அழாதட்டி. நான் அவரை மன்னிச்சிக்கிடுதேன்."

அதைக் கேட்டு என் அம்மாவே நடுங்கிப் போனாள்.

அந்த வாரம் ஜெபக்கூட்டம் மூப்பர் வீட்டில். முறைப்படி வந்தது, அக்கா ஏற்பாடு செய்ததல்ல. மூப்பரின் மனைவி எல்லோருக்கும் பாய் விரித்துக் கொடுத்தாள். கண்களை மூடினோம்.

"கர்த்தாவே, உம்முடைய எட்டாம் கற்பனையை மீறி, மூணாம் ஓலையன்னைக்கு இந்தப் பிள்ளையோட கலியாணத்தைக் கெடுத்த உமது தாசனை நான் மன்னிச்சிட்டேன். ஆளு யாருன்னு நான் சொல்லல. உமக்குத் தெரியும். இந்த வீட்டுக் கூரைக்கும் தெரியும்."

எட்டாம் கற்பனை எங்களுக்குப் பொய்ச்சாட்சி. நான் சட்டத்தை மீறி அரைக்கண் திறந்து பார்த்தேன். மூப்பரின் கழுத்தில் நரம்பு புடைத்திருந்தது. வாய் மட்டும் ஆமென் என்றது. அதற்கடுத்த புதனும் அப்படியே. அதற்கடுத்ததும். மழை வந்தது, கிறிஸ்துமஸ் வந்தது, தவசு காலம் வந்தது, அக்கா மன்னித்துக்கொண்டே இருந்தாள். ஒளிக்காமல் சொல்கிறேன், முதல் வருஷம் எனக்கு அது தேனாக இனித்தது. ஆபீசில் டைப் அடிக்கும்போதுகூடப் புதன்கிழமை எப்போது வரும் என்று இருக்கும்.

பிறகு இனிப்புக் கசந்தது. வாராவாரம் அவள் மூப்பரை மன்னித்தால், வாராவாரம் என் கலியாணம் கெட்ட கதையும் புதிதாகிறது என்று எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. புதிதாகத் தாராவிக்கு வந்தவர்களுக்குக்கூட முதல் புதன்கிழமையே நான் யார் என்று தெரிந்துவிடும். ஓலை நின்றவள்.

மூன்றாவது வருஷம் திலக் நகரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் பிட்டர் வேலை. அவர்களும் அந்த இன்னொரு சபைதான். பெண் பார்க்க வருவதாகச் சொல்லாமல், ஜெபக்கூட்டத்துக்கு வருவதுபோல அம்மாவும் மகனும் வந்து உட்கார்ந்தார்கள். நான் நீலச் சேலை கட்டியிருந்தேன். அக்காவுக்கு விஷயம் தெரியும். இன்றைக்கு ஒரு நாள் விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. எட்டாம் கற்பனை, கலியாணம் கெட்டது, இந்தப் பிள்ளை, எல்லாம் ஒன்றுவிடாமல் வந்தது. அந்த அம்மா தேத்தண்ணி குடிக்காமலே எழுந்து போனாள். மறுநாள் சொல்லியனுப்பினாள்: "களவு விவகாரத்துல கலியாணம் நின்ன பிள்ளை எங்களுக்கு வேண்டாம்."

களவா? எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அப்பாதான் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தார். அந்தச் சபையில் கற்பனைகளை எண்ணுகிற முறை வேறு. நாம் ஒன்று என்று எண்ணுவதை அவர்கள் இரண்டாகப் பிரித்து எண்ணுவார்கள். அதனால் நம்முடைய ஏழு அவர்களுக்கு எட்டு. எட்டு என்றால் அவர்களுக்குக் களவு. புதன்கிழமைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அவர்கள் சபைதான். அத்தனை பேரும் இத்தனை வருஷமாக ஒரு களவுக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். மூப்பர் திருடினார் என்று சிலர். நான் என்று சிலர்.

செருப்புக்கூடப் போடாமல் அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எட்டுன்னா அவங்களுக்குக் களவாம். தெரியுமா?"

"தெரியும். எப்பமே தெரியும்."

"தெரிஞ்சா சொல்லுதிய?"

"நான் களவுன்னு சொன்னேனா? எட்டுன்னு சொன்னேன். அவங்களுக்கு ஒழுங்கா எண்ணத் தெரியலேன்னா நான் என்ன செய்ய?" முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். "தோல் குடுக்குற பாய் இப்பம் மூப்பருக்குச் சரக்குக் குடுக்க யோசிக்காராம். பொம்பள ஒருத்தி ஆண்டவன்கிட்ட பொய் சொல்லுவாளான்னு கேட்டாராம். சம்பந்தி வீட்டுக்கு இவரு போனா அலமாரியைப் பூட்டுதாங்களாம். அந்தக் கம்பவுண்டர் வீட்டுலதான். கேக்க நல்லா இருக்குல்லா?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. 

"எனக்கு வந்த இடம் போச்சே அக்கா."

"கொஞ்சம் பொறுட்டி. அவன் தெருவுல நிக்கட்டும். உனக்காகத்தான இவ்வளவும்."

"எனக்காக இல்ல. உங்க வாக்குப் போச்சேன்னு உங்களுக்கு ஆத்திரம். அதுக்கு நான் ஊறுகாயா?"

அவள் கை நின்றது. 

அடுத்த புதன் கூட்டம் எங்கள் கோலியில். அதுவரை நான் வாய்விட்டு ஜெபித்ததே இல்லை. கண்ணை மூடியதும், அக்கா தொண்டையைச் செருமுவதற்கு முன்னால் நான் ஆரம்பித்தேன்.

"கர்த்தாவே, பேரு சொல்லக் கூடாது, நான் சொல்லல. எண்ணும் சொல்லல. என் புண்ணு மேல உக்காந்துக்கிட்டு வாராவாரம் அடுத்தவங்கள மன்னிச்சிட்டு இருக்குற உம்முடைய அடியாளை நான் மன்னிச்சிட்டேன். மனப்பூர்வமா மன்னிச்சிட்டேன். ஆமென்."

 ஆமென்கள் ஒவ்வொன்றாக வந்தன. அக்காவின் ஆமென் கடைசியில், சின்னதாக வந்தது. நான் இதற்காக வருத்தப்பட்டதே இல்லை. அவள் கத்தியின் பிடி என் கைக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. அன்றிலிருந்து அக்கா கூட்டத்தில் வாய் திறக்கவில்லை. என்னோடும் பேசவில்லை. தெருவில் இரவல் வாங்கிய வாளிகள் திரும்பி வருவது நின்றுபோனது.

அவள் நிறுத்தினாலும் ஊர் நிறுத்தவில்லை. மூப்பருக்குத் திருடன் என்ற பெயர் தானாகவே வளர்ந்தது.

இதற்கிடையில் ஒரு மழை நாளில் சயான் ஸ்டேஷன் வாசலில் அந்தத் திலக் நகர் மாப்பிள்ளை குடையோடு நின்றார். "நீங்க என்னத்தக் களவெடுத்திய? எனக்குத் தெரிஞ்சாகணும்" என்று நேரே கேட்டார். நான் எண்ணிக்கை விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு, நனைந்தபடியே சிரித்தார். அவரைத்தான் கட்டிக்கொள்வது என்று நான் அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

அவர் அம்மாவைச் சம்மதிக்க வைத்தார். ஆனால் அவள் ஒரு நிபந்தனை போட்டாள். "உங்க சபையிலதான அன்னைக்கு எந்திரிச்சு நின்னாங்க. மூணாம் ஓலைக்கு நான் அங்க வந்து உக்காருதேன். ஒருத்தர் எந்திரிச்சாலும் நான் எம் பையனைக் கூட்டிட்டுப் போயிருவேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. பள்ளிக்கூட ஹாலின் ஒரு மூலை ஒழுகியது. திலக் நகர் அம்மா பெண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஐயர் ஓலையை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். நிறுத்தினார்.

மூப்பர் எழுந்தார்.

என் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. திலக் நகர் அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"தடை இல்ல ஐயரே" என்றார் மூப்பர்.

தடை இல்லை என்று சொல்ல யாரும் எழுந்து நிற்பதில்லை. ஐயருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. "சரி, உக்காருங்க" என்றார்.

"அன்னைக்கும் இல்ல." அவர் எங்களைப் பார்க்கவில்லை. மற்ற சபையிலிருந்து வந்திருந்தவர்களைப் பார்த்துப் பேசினார். "இத நீங்க கேட்டுக்கிடணும். நான் களவெடுக்கல. ஒரு துண்டுத் தோலு எடுத்தவன் இல்ல. எட்டாம் கற்பனை உங்களுக்குக் களவு. எங்களுக்கு எட்டு பொய்ச்சாட்சி. நான் பொய் சொன்னவன். எம் மகளுக்கு அந்த இடத்த முடிக்கணும்னு பொய்தான் சொன்னேன். அம்புட்டுதான். நான் களவாணி இல்ல." சொல்லிவிட்டு அழுதார்.

எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. திலக் நகர் அம்மா மட்டும் விரலை மடக்கி ஏதோ முணுமுணுத்தாள். "அப்பம் எங்களுக்கு ஒம்பது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கைப்பையை மறுபடி மடியில் வைத்தாள். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் கூட்டம் மறுபடி மூப்பர் வீட்டில். இடம் போதாமல் ஆட்கள் வாசலில் நின்றார்கள். எதற்கு வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடினோம். வெகுநாளைக்குப் பிறகு அக்காவின் குரல் எழுந்தது. மூப்பர் முழங்கால் போட்டுத் தலையைக் குனிந்திருந்தார். அக்கா தெருக்குழாயில் தண்ணீர் வர ஜெபித்தாள். வார்டில் கிடக்கிற நோயாளிகளுக்காக ஜெபித்தாள். கலியாணம் ஆகப்போகிற எங்களுக்காக ஜெபித்தாள். ஆமென் என்றாள். எல்லோரும் கண்ணைத் திறந்த பிறகும் மூப்பர் குனிந்தே இருந்தார். இன்னும் வரும் என்று நினைத்தாரோ என்னவோ.

திரும்பி வரும்போது நான் ஓடிப்போய் அவளோடு சேர்ந்துகொண்டேன்.

"ஏன்க்கா அவர மன்னிக்கல?"

"ஒத்துக்கிட்டாம்லா. இனி அது அவனும் ஆண்டவரும் பாக்க வேண்டிய காரியம். நான் எதுக்கு?"

தெருமுனை வரைக்கும் நடந்தோம்.  "நான் அன்னைக்கு உங்கள ஜெபத்துல சொன்னேனே. என்னைய...?"

அவள் நின்று என்னைப் பார்த்தாள்.

"உன்னையா? பயப்படாதட்டி. உன்னைய நான் சாவுற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்."

சாக்கடைக்குமேல் போட்டிருந்த பலகை வழுக்கியது. என் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கடத்திவிட்டாள். சொன்னபடியே இருந்தாள். அவள் இருந்தவரைக்கும் எந்தப் புதன்கிழமையும் எனக்கென்று ஒரு எண் வரவில்லை.